தும்பிக்கை வைத்த லை

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாத குற்றத்துக்கு நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். சென்ற ஞாயிறன்று அப்பா ஐந்துக்கு ஒரு மதிப்பெண் வாங்கிய செய்தியை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடைக்குக் கிளம்பிய என்னிடம் கொடுக்கச் சொல்லி, சாமான் சீட்டு ஒன்றைச் சின்னவளிடம் தந்திருக்கிறார். கடலைப்பருப்பு, கறிவேப்பிலை, வெற்றிலை, இறால், மொச்சை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவள் மொச்சைக்கு மட்டும் சரி போட்டு, மற்ற நான்கையும் சிவப்புப் பென்சிலால் சுழித்து, அடியில் "பெற்றோர் கையொப்பம்" என்று கோடும் இழுத்துக் கொண்டுவந்தாள். தாத்தாவின் பெற்றோர் இல்லாததால் நான் போட வேண்டுமாம்! என் விடைத்தாளில் கையெழுத்திடுமுன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே நம்மை நடுங்கவைத்த மனிதருக்கு நான் போட வேண்டும். (கையெழுத்து என்றதும் எட்டாம் வகுப்பை நினைத்துச் சிரிக்காதே.)

குற்றம் இதுதான்: அப்பாவின் லை இன்னும் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, றாவின் கால் வளைந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது. பெரியார் 1935-லேயே கையாண்ட சீர்திருத்தத்தை அரசு 1978-இல் ஏற்று, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றிய கதையை நான் விளக்கினேன். "அப்போதிருந்தா தாத்தா தப்பாக எழுதுகிறார்?" என்றாள். அப்பாவோ, "என் யானைகளைப் பழக்கியது வாத்தியாரின் பிரம்பு, ஓர் அரசாணைக்குப் பயந்து காட்டுக்குப் போய்விடுமா?" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

ஒன்றை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். கையெழுத்திடக் குனிந்தபோதுதான் பார்த்தேன்: முத்து முத்தாக எழுதும் அவருடைய கோடு, இறாலில் இரண்டிடத்தில் நடுங்கி விலகியிருந்தது. சின்னவள் அதைச் சுழிக்கவில்லை. மருத்துவரிடம் போகலாம் என்றால், "மதிப்பெண் குறைந்ததற்கா?" என்று என்னை மடக்குகிறார். நீ சொன்னால் கேட்பார். எப்போதுமே பெற்ற பிள்ளையைவிட நீதானே அவருக்கு உசத்தி!

பொங்கலுக்கு வரும்போது உன் அம்மா எழுதிய பழைய கடிதம் ஒன்றை மறவாமல் கொண்டுவா. மேல்முறையீட்டுக்குச் சாட்சி வேண்டுமாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்