சனசமூக நிலையச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களே, போசகர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு நிர்வாக சபை பத்துத் தடவை கூட்டப்பட்டது. இரண்டு கூட்டங்கள் நிறைவெண் இல்லாமல் கலைந்தன. இரண்டுமே ஏப்ரலில், வட்டாரத்துக்குள் தேர்தல் சூடு ஏறியிருந்த நாட்களில். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். விளையாட்டு விழா, வாணி விழா இரண்டும் வழமைபோல் நடந்தன. நான் பேச வேண்டியது பெரும்பாலும் மே 6 இல் நடந்த பிரதேச சபைத் தேர்தல் பற்றியும் கிழக்கு ஒழுங்கை மதகு பற்றியும்தான்.

2018 பெப்ரவரியில் தெரிவான பிரதேச சபையின் காலம் 2023 மார்ச் 19 உடன் முடிந்தது. அதே மார்ச் 9 இல் நடக்கவிருந்த தேர்தல், காசில்லை என்று ஏப்ரல் 25 க்குத் தள்ளிப்போய், பிறகு திகதியே இல்லாமல் போனது. அது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்ட் 22 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட காலத்தில் பிரதேச சபையை அதன் செயலாளரான உத்தியோகத்தர்தான் நடத்தினார். குறை சொல்லக்கூடாது, குப்பை வண்டி வந்தது, சோலை வரியும் தவறாமல் அறவிடப்பட்டது. மதகு பற்றி நாம் மூன்று கடிதம் கொடுத்தோம். மூன்றுக்கும் "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. அந்தக் கவனத்தைச் சபை மண்டபத்தில் எழுந்து நின்று கேட்க எங்கள் வட்டாரத்துக்கு ஓர் ஆள் இருக்கவில்லை.

அதனால்தான் ஜனவரிக் கூட்டத்தில், நிலையமே ஒருவரை நிறுத்தினால் என்ன என்று இளைஞர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் வட்டாரத்துக்கு மட்டும் ஒருவரை நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை. சுயேச்சையாக இறங்கினாலும் சபையின் எல்லா வட்டாரங்களுக்கும் ஆள் போட்டு, அதற்கு மேல் மேலதிகப் பட்டியலும் நிரப்ப வேண்டும். சுயேச்சை என்றால் தலைக்கு 5,000 ரூபா கட்டுப்பணம். நிலையத்தின் நிலையான வைப்பை உடைத்தாலும் காணாது. யோசனை அத்தோடு நின்றது. எமது உப செயலாளர் மட்டும் அத்தோடு நிற்கவில்லை. அவர் வேறு ஊரார் சேர்த்த ஒரு சுயேச்சைக் குழுவில் பெயர் கொடுத்தார். யாப்பின்படி பதவியை விட்டு விலகினார். கடிதத்தைச் சிரித்த முகத்தோடு தந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

மண்டபத்தை எந்தக் கட்சிக்கும் குழுவுக்கும் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தோம். "இளைஞர் விழிப்புணர்வுக் கருத்தரங்கு" என்று ஒரு விண்ணப்பம் வந்தது. அழைப்பிதழை விரித்துப் பார்த்தால் அடியில் சின்னம். மறுத்தோம். நான்கு குடும்பங்கள் சந்தாவை நிறுத்தின. இரண்டு திரும்பிவிட்டன. மற்ற இரண்டையும் இந்தக் கூட்டத்தில் காண்பது மகிழ்ச்சி. சந்தாப் புத்தகம் வாசலில் இருக்கிறது.

நாங்களாகச் செய்தது ஒன்றுதான். வாக்களிக்கும் முறையை விளங்கப்படுத்த ஒரு ஞாயிறு பின்னேரம் கூடினோம். 2024 நவம்பரில் பாராளுமன்றத்துக்கு விருப்பு வாக்குப் போட்ட கை, இதிலும் வேட்பாளர் இலக்கத்தைத் தேடும் என்று பயந்தோம். சின்னங்களுக்குப் பதிலாகத் தேங்காய், பனங்காய், முருங்கைக்காய் வரைந்து ஒரு மாதிரிச் சீட்டுச் செய்தோம். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, பெடியன்ர பேர் எங்க கிடக்கு?" என்றார். பெயர் கிடையாது அம்மா, கட்சியும் சின்னமும்தான், ஒரு புள்ளடி போட்டால் போதும் என்றேன். அந்த ஒரே புள்ளடிதான் வட்டாரத்தில் யார் வென்றார் என்பதற்கும், சபை முழுவதிலும் விகிதாசாரப் பங்கிற்கும் எண்ணப்படும், வட்டாரத்துக்கு அறுபது வீதம், பட்டியலுக்கு நாற்பது வீதம் என்று சொல்லத் தொடங்கியபோது பாதிப் பேர் தேநீருக்கு எழும்பிவிட்டார்கள். எழும்பியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வட்டாரத் தேர்தல் என்று பெயர். வட்டாரத்துக்காரனின் பெயர் சீட்டில் இல்லை. எனக்கும் அது இன்னும் ஒத்துவரவில்லை.

மே 6 அமைதியாக நடந்தது. காலை ஏழு முதல் மாலை நான்கு வரை வாக்களிப்பு. அன்றிரவே முடிவு தெரிந்துவிட்டது. எமது முன்னாள் உப செயலாளரின் குழு வெல்லவில்லை. வென்ற கட்சியையும் உறுப்பினரையும் இங்கே வாழ்த்துகிறேன். வேறொரு கட்சியின் பட்டியலில் இருந்து, பெண்களுக்கான ஒதுக்கீட்டில், எங்கள் ஒழுங்கையிலேயே குடியிருக்கும் ஒருவரும் சபைக்குப் போயிருக்கிறார். இரண்டு வருடம் ஒருவரும் இல்லாத இடத்துக்கு இப்போது இரண்டு பேர். கடிதத்தை யாருக்குக் கொடுப்பது என்று நிர்வாக சபை ஒரு மணித்தியாலம் விவாதித்தது. இறுதியில் இருவருக்கும் முகவரியிட்டு, பெயர்களை அகர வரிசையில் எழுதினோம்.

செப்ரெம்பரில் இருவரும் மதகைப் பார்க்க வந்தார்கள், வெவ்வேறு நாட்களில். இருவரும் தனித்தனியாகப் படம் எடுத்தார்கள். ஆனாலும் பலன் இல்லாமல் இல்லை. ஒக்ரோபரில் பதினொரு வீதி விளக்குகள் எரியத் தொடங்கின. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து மதகை அளந்தார். அளந்த கோடு காயும் முன் டித்வா புயல் வந்தது. நவம்பர் கடைசியில் வெள்ளம் மதகுக்கு மேலால் பாய்ந்து ஒன்பது வீடுகளின் குசினிக்குள் போனது. நிலையத்தில் மூன்று நாள் சமைத்துக் கொடுத்தோம். பட்டியல் உறுப்பினர் அம்மா முதல் நாள் காலையிலேயே சீலையைச் செருகிக்கொண்டு அரிசி களைந்தார். வட்டார உறுப்பினர் இரண்டாம் நாள் உழவு இயந்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். இருவரும் ஒரே படத்தில் நின்றது அன்றுதான்.

மதகு அடுத்த ஆண்டுப் பாதீட்டுக்கு முன்மொழியப்பட்டுள்ளதாக இருவரும் தனித்தனியே அறிவித்திருக்கிறார்கள். முன்மொழிவின் பிரதியை எழுத்தில் கேட்டிருக்கிறோம். இன்னும் கைக்கு வரவில்லை.

நிலையத்தின் பதிவைப் பிரதேச சபையில் புதுப்பிக்க வேண்டியுள்ளது. பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகள் வாக்காளர் இடாப்பில் இருக்கிறார்களா என்று கிராம அலுவலரிடம் பார்த்துக்கொள்ளவும்.

உப செயலாளர் பதவி இன்னும் வெற்றிடம். முன்பு வகித்தவர் திரும்பவும் கேட்டிருக்கிறார். வேறு இருவரும் விரும்புகிறார்கள். இன்று இரகசிய வாக்கெடுப்பு. சீட்டுகளை நானே எழுதியிருக்கிறேன். மூவரின் பெயரும் அதில் இருக்கின்றன.

நன்றி.

செயலாளர்