ஆற்றைத் தாண்டினால் நகர வரி இல்லை

குயின்ஸ், நியூயார்க்
டிசம்பர் 2025

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் பதினேழு நாள் ஊர் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது. தங்கச்சிக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். பிசியோதெரபியைப் பாதியில் விட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நீ சொன்னால் கேட்கமாட்டாள்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் கிறுக்கியிருந்தாயே ஒரு கேள்வி, "புது மேயர் வந்ததும் அங்க பணக்காரன்லாம் மூட்டை கட்டுறானாமே, நெஜமா?" என்று. அதற்குத்தான் இவ்வளவு பெரிய கடிதம். ரிட்டயர் ஆகியும் உனக்குப் பில் கலெக்டர் புத்தி போகவில்லை. வரி என்ற சொல்லைப் பார்த்தால் மூக்கில் வேர்க்கிறது. எனக்கும் வயிற்றுப்பாடு அதுதான் என்பதால் நான் கிண்டல் செய்ய முடியாது. ஒன்று மட்டும், பதில் எழுதும்போது, வரியை அளவாக வாங்கச் சொல்லும் அந்தப் புறநானூற்று யானைப் பாட்டை எடுத்துவிடாதே. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் இழுத்து இழுத்து அந்த யானை இளைத்தே போய்விட்டது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் வீட்டு வரி தவிர, குடியிருப்பவர்களின் வருமானத்துக்கும் நகரமே ஒரு வரி போடுகிறது. 1966-ல் ஜான் லிண்ட்சே மேயராக இருந்தபோது வந்தது. மத்திய அரசின் வரி, மாநில வரி எல்லாம் போக இது தனி. உச்ச விகிதம் 3.876 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், வருடத்துக்கு 50,000 டாலரைத் தாண்டும் ஒண்டிக்கட்டைக்கே அந்த உச்சம் வந்துவிடும். அதற்கு மேல் எத்தனை கோடி சம்பாதித்தாலும் அதே 3.876தான். ஜனவரி 1 அன்று புது மேயராகப் பதவியேற்கப் போகும் மம்தானி, 10 லட்சம் டாலருக்கு மேல் வரும் பகுதிக்கு இன்னொரு 2 சதவீதம் போட வேண்டும் என்கிறார். அதாவது 15 லட்சம் சம்பாதிப்பவருக்குக் கூடுதலாக 10,000 டாலர். மாநிலத்தின் உச்ச விகிதம் 10.9. அதையும் சேர்த்தால் இப்போதே 14.776 ஆகிறது, இதற்கு மேல் தாங்குமா என்பது எதிர்த் தரப்பின் கேள்வி. மேயர் நினைத்த மாத்திரத்தில் போடவும் முடியாது. மாநிலத் தலைநகர் ஆல்பனியில் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும். ஆளுநர் ஹோக்கல் வருமான வரியை ஏற்றுவதற்கில்லை என்கிறார். (இங்கே ஆளுநர் என்றால் ஓட்டு வாங்கி ஜெயித்தவர், நம் முதலமைச்சர் மாதிரி.)

உன் வீட்டு வரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உனக்கே தெரியும். 2022-ல் அங்கே சொத்து வரியை ஏற்றியபோது எவ்வளவு கூச்சல் போட்டார்கள், யாராவது வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போனார்களா? வீடு ஓடாது. குழாயை அடைத்தால் பணம் வந்துவிடும் என்று நீயே சொல்வாய். வருமானத்துக்குக் கால் உண்டு. அதுவும் இந்த ஊரில் ரொம்ப தூரம் நடக்க வேண்டியதில்லை. ஹட்சன் ஆற்றுக்கு அடியில் ரயிலேறினால் சில நிமிடத்தில் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டி. அங்கே குடியிருந்துகொண்டு தினமும் மன்ஹாட்டனில் வேலை பார்த்தால் நியூயார்க் மாநிலத்துக்கு வரி உண்டு, நகரத்துக்கு ஒரு காசு கிடையாது. முன்பு வெளியூரிலிருந்து வந்து போகிறவர்களிடமும் 0.45 சதவீதம் வாங்கினார்கள். 1999-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

ஆறு குறுக்கே இருக்கிறது, தாண்டுவது சுலபம், தாண்டினால் 3.876 மிச்சம். அப்படியும் பெரும் பணக்காரர்கள் மன்ஹாட்டனிலேயேதான் இருக்கிறார்கள். இது ஏன் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

வரிக் கணக்கு பார்க்கும் என் ஆபீசுக்கு வரும் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். துணி ஏற்றுமதியில் சம்பாதித்தவர். ஃபுளோரிடாவில் கடலைப் பார்த்து ஒரு ஃபிளாட் வாங்கினார். அந்த மாநிலத்தில் தனிநபர் வருமான வரியே கிடையாது. அங்கே ஓட்டுரிமை, டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் மாற்றிக்கொண்டு, "இனிமேல் நான் நியூயார்க்காரன் இல்லை" என்று என் முன்னால் வந்து உட்கார்ந்தார். மன்ஹாட்டன் வீட்டை மட்டும் விற்கவில்லை. அங்கேதான் சிக்கல். வீட்டையும் வைத்துக்கொண்டு வருடத்தில் 183 நாளுக்கு மேல் இங்கே இருந்தால் இங்கே குடியிருப்பவர்தான். மதியம் வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போனாலும் அது ஒரு நாள். செல்போன் எந்த டவரில் இருந்தது, கார் எந்தச் சுங்கச்சாவடியைத் தாண்டியது, கார்டை எந்தக் கடையில் தேய்த்தார் எல்லாவற்றையும் ஆடிட்டில் எடுத்து வைப்பார்கள். நாள் கணக்கு தேறினாலும் விடமாட்டார்கள். மனசு எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். குடும்ப ஆல்பம் எந்த வீட்டில், நாய் எந்த வீட்டில், பெண்டாட்டியின் நகை எந்த வீட்டில்? எங்கள் தொழிலில் இதற்குக் கரடி பொம்மைச் சோதனை என்றே பெயர். குழந்தை தன் கரடி பொம்மையை எங்கே வைத்திருக்கிறதோ அதுதான் வீடு.

பெரியவரின் டைரியை வைத்துக்கொண்டு இருவரும் ஒரு சாயங்காலம் முழுக்க எண்ணினோம். பல் டாக்டர், பழைய பார்ட்னரின் துக்கம், பேத்தியின் பள்ளிக்கூட நாடகம், அந்த நாடகத்துக்கு முந்தின வார ஒத்திகை (அதற்கு எதற்கு விமானத்தில் வந்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை). 197 வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மறுபடி எண்ணு" என்றார். மறுபடி எண்ணினேன். 198.

கட்டிவிட்டுப் போனார். ஃபுளோரிடா ஃபிளாட்டை இப்போது வாடகைக்கு விட்டிருக்கிறார்.

ஒரு பெரியவரை வைத்து ஊரை எடை போடக்கூடாதுதான். கிறிஸ்டோபல் யங் என்ற சமூகவியலாளர் இதையே தோண்டித் துருவியவர். 2004-ல் நியூ ஜெர்சி 5 லட்சம் டாலருக்கு மேலான வருமானத்துக்கு 6.37-லிருந்து 8.97 சதவீதமாக ஏற்றியது. அதன் பிறகு யார் போனார்கள் என்று அவர் வரிக் கணக்குகளிலிருந்தே பார்த்தார். சொல்லிக்கொள்ளும்படி யாரும் ஓடவில்லை. காரணம் யோசித்தால் புரிகிற விஷயம்தான். அந்த அளவு சம்பாதிக்கிற வயதில் ஒருவனுக்கு வாடிக்கையாளர், கூட்டாளி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மனைவியின் வேலை என்று வேர் இறங்கியிருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறுவது வேலை தேடுகிற வயதுக்காரர்கள். மாசசூசெட்ஸில் 2023-லிருந்து 10 லட்சத்துக்கு மேல் 4 சதவீதம் கூடுதலாக வாங்குகிறார்கள். முதல் முழு நிதியாண்டில் 100 கோடி டாலர் வரும் என்று வைத்திருந்தார்கள், 200 கோடிக்கு மேல் வந்தது.

இதைப் படித்துவிட்டு "அப்போ ஏத்திட வேண்டியதுதானே" என்பாய். நானும் ஏற்றலாம் என்ற கட்சிதான், ஆனால் வயிற்றில் ஒரு கலக்கத்தோடு. ஊரின் வருமான வரியில் ஏறக்குறைய 40 சதவீதம் உச்சியில் இருக்கும் 1 சதவீதத்தினரிடமிருந்து வருகிறது. உன் வார்டில் பத்தே வீடு பாதி வரியைக் கட்டினால் நீ ராத்திரி தூங்குவாயா? நியூ ஜெர்சியில் அது நடந்தது. டேவிட் டெப்பர் என்ற ஒரே ஒரு ஹெட்ஜ் ஃபண்ட் (பெரும் பணக்காரர்களின் பணத்தை முதலீடு செய்யும் நிறுவனம்) முதலாளி 2016-ல் ஃபுளோரிடாவுக்குப் போனதும் மாநில பட்ஜெட்டே ஆடும் என்று அதிகாரி ஒருவர் சட்டமன்றத்தில் எச்சரிக்க வேண்டியதாயிற்று. (2020-ல் திரும்பி வந்துவிட்டார் என்பது வேறு கதை.) டிரம்ப்பும் 2019-ல் தன் விலாசத்தை ஃபுளோரிடாவுக்கு மாற்றிக்கொண்டவர்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் சம்பாதிப்பவர்களில் நியூயார்க் மாநிலத்தின் பங்கு 2010-ல் 12.7 சதவீதம், 2022-ல் 8.7. சிட்டிசன்ஸ் பட்ஜெட் கமிஷன் என்ற ஆய்வு அமைப்பு (அரசு அமைப்பு இல்லை) சொல்வது. இங்கே அவர்கள் எண்ணிக்கை குறையவில்லை, கூடத்தான் செய்தது. ஃபுளோரிடாவிலும் டெக்சாஸிலும் அதைவிட வேகமாகக் கூடிவிட்டது. இருக்கிறவன் போகாமல் இருப்பது ஒன்று, அடுத்து வரவேண்டியவன் வேறு ஊரைத் தேர்ந்தெடுப்பது இன்னொன்று. இரண்டாவதை எந்த டைரியை வைத்து எண்ணுவது? வரியை ஏற்றலாம் என்று வாய் கிழியப் பேசும் என் நண்பர்கள் யாரும் இதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை.

உண்மையிலேயே மூட்டை கட்டியது யார் தெரியுமா? எங்கள் ஆபீஸ் வரவேற்பில் பதினோரு வருடமாக உட்காரும், தென் அமெரிக்காவின் கயானாவைச் சேர்ந்த இந்திய வம்சாவளிப் பெண். இங்கே குயின்ஸிலேயே ரிச்மண்ட் ஹில்லில் இருந்தாள், இரண்டு பிள்ளைகள். வாடகை ஏறியது, அப்புறம் மறுபடி ஏறியது. போன ஆகஸ்டில் பென்சில்வேனியாவுக்குப் போய்விட்டாள். சாமான் ஏற்ற நானும் போயிருந்தேன். வாடகை வண்டியில் கடைசியாக ஏறியது ஒரு தகரப் பெட்டி, அவள் பாட்டியுடையது. மூடியில் கீறல் விழுந்து மங்கிப்போன மாரியம்மன் படம். "நகர வரியாவது மிச்சமாகுமே" என்றேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று. "பஸ் பாஸுக்கே காணாது சார்" என்றாள். இப்போது போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். உச்சியில் இருக்கும் 1 சதவீதத்தினர் மாநிலத்தை விட்டுப் போகும் விகிதம், சாதாரண ஆண்டுகளில், மற்றவர்களுடையதில் கால்வாசிதான் என்று ஃபிஸ்கல் பாலிசி இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு அமைப்பு 2023-ல் கணக்கிட்டது. அந்த அறிக்கையை ஆபீஸில் பிரின்ட் எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

மம்தானி அந்தக் காசில் சிறு பிள்ளைகளுக்கு இலவசக் காப்பகம், கட்டணமில்லாத பஸ் என்கிறார். வாடகையை அதற்குள் யார் ஏற்றுவார்களோ. 1970-களில் இந்த ஊர் எட்டு லட்சம் பேருக்கு மேல் இழந்தது. வேலை போனது, தெருவில் பயம், பள்ளிக்கூடம் சரியில்லை. 1975-ல் நகரம் திவாலின் வாசல்வரை போனபோது போலீஸ்காரர்களையே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் வந்தபோதும் சுரங்க ரயிலில் ராத்திரி ஏறாதே என்றுதான் சொன்னார்கள். அதை நினைத்தால் 2 சதவீதம் எனக்குச் சின்னதாகத் தெரிகிறது. 198 நாள் எண்ணின பெரியவருக்கு அப்படித் தெரியாமல் இருக்கலாம்.

சரி, நம் வீட்டு விஷயம். அக்டோபருக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி என்று பணம் அனுப்பியிருந்தேனே, கட்டினாயா? ரசீதை வாட்ஸ்அப்பில் போடு. பூட்டின வீட்டுக்கு முப்பத்திரண்டு வருடமாக ஒரு தவணைகூடத் தவறாமல் வரி கட்டுகிறேன், எந்த ஆடிட்டர் வந்து கேட்டாலும் காட்டலாம். அம்மாவின் தையல் மிஷின் இன்னும் முன்ரூமில்தானே இருக்கிறது? மழை ஒழுகினால் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட் போடச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்