கார்த்திக்கு, நான் கையெழுத்துப் போட்ட விஷயமாக

அன்புள்ள கார்த்திக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஆஸ்பத்திரியில் நடக்கிற மருந்து ஆய்வில் நான் சேர்ந்ததைக் கேட்டு நீ போனில் கோபப்பட்டாய். "உன்னைச் சோதனை எலி ஆக்கிடுவாங்கம்மா" என்றாய். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஏழைகளிடம் சரியாகச் சொல்லாமல் மருந்தைச் சோதித்தார்கள் என்று இந்த நாட்டில் உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது. அதற்கப்புறம் கட்டுப்பாடு இறுகி, 2019-ல் புது மருந்துக்கும் மருத்துவ ஆய்வுக்கும் தனியாக விதிகளே வந்தன. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சம்மதித்தேன்.

என் பாத எரிச்சல் உனக்குத் தெரியும். சர்க்கரையால் நரம்பு கெட்டதில் இருந்து, ராத்திரி போர்வை பட்டாலே காந்துகிறது. ஆனால் செருப்பு கழன்று விழுந்தால் தெரிவதில்லை. அந்த எரிச்சலுக்கு ஒரு மாத்திரை கேட்குமா என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. வேறு நோய்க்கு ஏற்கெனவே கொடுத்து வருகிற மாத்திரைதான் அது.

முதல் நாளே யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. ஆய்வைக் கவனிக்கிற பெண் எதிரே உட்கார்ந்து, தமிழில் அச்சடித்த தகவல் தாளை வரிவரியாக வாசித்தாள். "வீட்டுக்குக் கொண்டுபோங்கம்மா, அய்யாவிடமும் காட்டுங்க, அவசரமே இல்லை" என்றாள். மேலூர் வந்து சேரும்வரை பஸ்ஸில் அதைத்தான் படித்தேன். தலைசுற்றலும் தூக்கக்கலக்கமும் வரலாம் என்று ஒளிக்காமல் போட்டிருக்கிறது. எப்போது வேண்டாம் என்று தோன்றினாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம், அதனால் வழக்கமான வைத்தியம் குறையாது. ஆய்வினால் உடம்புக்கு ஏதாவது ஆனால் வைத்தியம் அவர்கள் செலவு, இழப்பீடும் உண்டு. இந்த ஆய்வுக்கு அனுமதி கொடுத்த நெறிமுறைக் குழுவின் போன் நம்பரும் அதில் இருக்கிறது. அந்தக் குழுவில் டாக்டர்கள் மட்டும் இல்லை. சட்டம் தெரிந்தவர் ஒருவர், வைத்தியத்துக்குச் சம்பந்தமில்லாத நம்மைப் போன்ற சாதாரண ஆள் ஒருவர் என்று குறைந்தது 7 பேர் இருக்க வேண்டுமாம். அந்தச் சாதாரண ஆள் இருப்பது எனக்குப் பெரிய தைரியம்.

கையெழுத்துப் போட்ட பிறகு பாதத்தைப் பரிசோதித்தார்கள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் மெல்லிய நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் ஒவ்வொரு இடமாக வளையும்வரை அழுத்தினாள். பட்டது தெரிந்தால் "ஆமா" என்று சொல்ல வேண்டும். கட்டைவிரலுக்கு அடியில் தொட்டபோது எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இத்தனை வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறேன், என் பாதத்தை இப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"வெறும் மாத்திரையைக் கொடுத்துடுவாங்களாம்மா?" என்று கேட்டாயே, இனி அந்தப் பெரிய கேள்விக்கு வருகிறேன். ஆமாம், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரைதான். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறது. எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எனக்கும் முதலில் இது உறுத்தியது. ஆனால் மருந்து சாப்பிடுகிறோம் என்ற நினைப்பிலேயே எரிச்சல் குறைந்ததாகத் தோன்றுமே, அதை எப்படித்தான் பிரித்துப் பார்ப்பது? சர்க்கரை மாத்திரையை நிறுத்தவில்லை. எரிச்சல் தாங்காவிட்டால் போட்டுக்கொள்ள வேறு மாத்திரையும் தந்திருக்கிறார்கள்.

நம் மதுரையிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கதிர் அறுக்கும்போதும் போரடிக்கும்போதும் கண்ணில் உமியோ தாளோ குத்தி, பூஞ்சைப் புண் வந்து பார்வை போனவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்! அதற்கு நேட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்து இருந்தது. வோரிகோனசோல் என்ற புதியது வந்ததும், அதுதான் மேல் என்று பலர் நம்பினார்கள். 2010, 2011-ல் மதுரை உள்ளிட்ட அரவிந்த் கண் ஆஸ்பத்திரிகளில் 323 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து இரண்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். பழையதுதான் ஜெயித்தது. அதைப் போட்டவர்களுக்குப் பார்வை நன்றாகத் திரும்பியது, கண்ணில் ஓட்டை விழுவதும் குறைந்தது. அந்த 323 பேர் முடியாது என்று சொல்லியிருந்தால், புதியதுதான் நல்லது என்று இன்னும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் 798 பேர் கண்புரை தடுக்க 5 வருஷம் வைட்டமின் ஆய்வில் இருந்தார்கள். பலன் இல்லை என்றுதான் முடிவு வந்தது. பலன் இல்லை என்று தெரிந்ததே எத்தனை குடும்பத்தின் காசைக் காப்பாற்றும்! என் மாத்திரையும் அப்படி முடியலாம். அதற்கும் நான் தயார்.

இதற்காக எனக்குச் சம்பளம் ஒன்றும் இல்லை, போக வர பஸ் காசு மட்டும் தருகிறார்கள். எரிச்சல் எவ்வளவு என்று தினமும் ராத்திரி 0 முதல் 10 வரை மார்க் போட ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மிச்ச மாத்திரையை டப்பாவோடு திருப்பிக் கொண்டுபோக வேண்டும், எண்ணிப் பார்ப்பார்களாம். அதனால் உன் அப்பா பழைய டப்பா என்று தூக்கிப் போடாதபடி பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

தகவல் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முழுதாகப் படி. அவசரத்துக்குக் கூப்பிட உன் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன், அவர்கள் அழைத்தால் எடுத்துப் பேசு. உனக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. அடுத்த மாதம் போகும்போது ஒவ்வொன்றாக டாக்டரிடம் கேட்டு, பதிலை எழுதி வாங்கி வருகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா