ட்ரூவில் கடற்கரையும் வண்ணத்தில் கலந்த மணலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே, பிரான்சின் கடற்கரை ஊரான ட்ரூவிலில் 1870-ஆம் ஆண்டு கோடையில் தீட்டிய ‘ட்ரூவில் கடற்கரை’ ஓவியத்தைச் சென்ற இதழின் கலைப் பக்கத்தில் வண்ணத்தில் வெளியிட்டமைக்கு நன்றி. ஆனால், அவசரத்தில் வரைந்து அரைகுறையாக விடப்பட்ட படம் என்று உடன் வந்த குறிப்பு கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. விரைந்து தீட்டியது உண்மை. அரைகுறை என்பது உண்மையன்று.

இடப்பக்கம் வெள்ளை உடையில் அமர்ந்திருப்பவர் மோனேயின் மனைவி கமீல் என்று கருதப்படுகிறது. அவருடைய கண்ணும் மூக்கும் தெளிவாக வரையப்படவில்லை என்பது குறையாகத் தோன்றலாம். கண்கூசும் கடற்கரை வெயிலில், நிழலுக்குள் இருக்கும் முகத்தை நாம் ஒரு கணம் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவையே ஓவியர் தந்திருக்கிறார். அதற்கு மேல் ஒரு கோடு சேர்த்திருந்தாலும் அந்த வெயில் பொய்யாகியிருக்கும். உடையின் வெண்மையோ அகலமான சில தூரிகைத் தீற்றல்கள்தாம். பக்கத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் அவை துணியின் மடிப்புகளாகவும் அதன்மேல் விழும் ஒளியாகவும் கூடிவருகின்றன. வலப்பக்கத்துப் பெண்ணின் கருநிற உடை இல்லையெனில் இந்த வெண்மை இத்தனை ஒளிராது.

லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள இவ்வோவியத்தின் வண்ணப் பூச்சுக்குள் மணல் துகள்கள் ஒட்டியிருப்பதைக் குறிப்பு சொல்லாமல் விட்டது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. ஈர வண்ணத்தில் காற்று கொண்டுவந்து சேர்த்த அந்த மணல், ஓவியர் கடற்கரையிலேயே அமர்ந்து வரைந்தார் என்பதற்குச் சான்று. திறந்தவெளியில் வரையும்படி இளம் மோனேயை ஊக்கியவர் மூத்த ஓவியர் யூஜின் பூடான். 1841-இல் அமெரிக்க ஓவியர் ஜான் ராண்ட் காப்புரிமை பெற்ற, வண்ணம் அடைக்கும் உலோகக் குழாய், அதை எங்கும் எடுத்துச் செல்வதை எளிதாக்கியது. மேகமும் நிழலும் நகர்ந்துகொண்டேயிருக்கும் இடத்தில் கை விரைந்தாக வேண்டும்.

ஒரு வேண்டுகோள். இவ்வோவியத்தின் அகலம் அரை மீட்டர்கூட இல்லை என்பது முழுப்பக்க அச்சில் வாசகருக்குத் தெரிய வழியில்லை. இனி ஓவியங்களை வெளியிடும்போது அவற்றின் அளவையும், தீற்றல்கள் புலப்படும்படி ஒரு பகுதியை உண்மை அளவிலும் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்