பெட்டிக்குள் வரும் தாளை விளங்கும்படி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹட்டனில் மின்சாதனங்கள் திருத்தும் சிறிய கடையொன்றை நடத்துகிறேன். டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ரைஸ் குக்கர், கேத்தல், அயன், வாளித் தண்ணீர் சுட வைக்கும் ஹீட்டர் என்று பலதையும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவார்கள். பிரித்துப் பார்த்தால் அவற்றில் பலவற்றில் ஒரு பழுதும் இருக்காது. எப்படிப் பாவிப்பது என்று வாங்கியவருக்கு யாரும் விளங்கச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். பொருளோடு பெட்டிக்குள் மடித்து வைத்து வரும் அந்த வழிகாட்டித் தாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ரைஸ் குக்கரையே எடுத்துக்கொள்வோம். "தம்பி, ஒரு பக்கம் கருகுது, மறு பக்கம் அரிசியாவே நிக்குது" என்று ஓர் அம்மா கொண்டுவந்து வைத்தார். உள்பாத்திரத்தைத் தூக்கினேன். கீழே சூடாகும் தட்டின் ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை, காய்ந்து கல்லாகி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துத் தட்டைத் துடைத்துக் கொடுத்ததோடு வேலை முடிந்தது.

அந்தத் தட்டின் நடுவில் ஸ்பிரிங்கில் நிற்கும் சிறு வட்டம் ஒன்று உண்டு. அதற்குள் காந்தம் இருக்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும் வரை சூடு கொதிநிலையை விட ஏறாது. தண்ணீர் வற்றியதும் சூடு மளமளவென்று ஏறும். அப்போது காந்தம் பிடியை விட, சுவிட்ச் டக்கென்று மேலே போகும். இவ்வளவும் ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால் பாத்திரத்தின் அடி தட்டில் முழுதாகப் படிய வேண்டும். ஒரு பருக்கை இடையில் நின்றாலே பாத்திரம் சரிந்துவிடும். ஆகவே தாளின் முதல் வரியே இப்படி இருக்க வேண்டும்: "பாத்திரத்தின் வெளிப்பக்கத்தை ஈரமில்லாமல் துடையுங்கள். தட்டில் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பாத்திரத்தை வைத்து, இடமும் வலமும் லேசாகத் திருப்பிப் படிய விடுங்கள்." அந்த அம்மா பத்திரமாக வைத்திருந்த தாளிலும் இந்த விஷயம் இருந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில், எறும்பளவு ஆங்கில எழுத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும், வெயிலில் வைக்க வேண்டாம் என்பது போன்ற எச்சரிக்கைகளின் நடுவே இருந்தது. எல்லா எச்சரிக்கையும் ஒரே அளவு எழுத்தில் இருந்தால் எது உயிர் போகிற விஷயம், எது சோறு கெடுகிற விஷயம் என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

மலைநாட்டுக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தத் தாள்களை எழுதுபவர்கள் கடல் மட்டத்தில் இருந்துகொண்டு எழுதுகிறார்கள். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் ஏறக்குறைய 96 பாகை. கொதிக்கிற தண்ணீரின் சூடே குறைவாக இருந்தால் அரிசியோ கடலையோ பருப்போ வேகக் கூடுதல் நேரம் எடுக்கத்தானே செய்யும்? பாத்திரத்துக்குள் போட்டிருக்கும் தண்ணீர்க் கோட்டை அப்படியே நம்பினால் சோறு நறுக்கென்றுதான் இருக்கும். "உயரமான இடங்களில் அரிசியை அரை மணி நேரம் ஊற வையுங்கள், கோட்டுக்கு மேல் கொஞ்சம் தண்ணீர் சேருங்கள்" என்று ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன செலவாகிவிடப் போகிறது?

சோறு வேகாவிட்டால் திரும்பச் சமைக்கலாம். வாளிக்குள் போடும் ஹீட்டரில் தவறினால் ஆளே போய்விடும். குளிர் காலத்தில் பிள்ளைகளைக் குளிப்பாட்ட எத்தனையோ வீடுகளில் அதைத்தான் பாவிக்கிறார்கள். என் கைக்கு வந்த ஒரு தாளில் மூன்றாவது படி, "பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போடவும்." அதற்கு ரொம்பக் கீழே, "சுவிட்ச் போடுவதற்கு முன் கம்பிச்சுருள் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும்." அதற்கும் கீழே, "மின்சாரம் செல்லும்போது தண்ணீரைத் தொட வேண்டாம்." கையில் சாமானை வைத்துக்கொண்டு ஒரு வரி வாசிப்பார்கள், அதைச் செய்வார்கள், அப்புறம் அடுத்த வரிக்கு வருவார்கள். தாளை முழுக்க மனப்பாடம் பண்ணிவிட்டு யாரும் வேலையைத் தொடங்குவதில்லை. எச்சரிக்கை கண்ணில் படும்போது கை ஏற்கெனவே வாளிக்குள் இருக்கும். எந்தப் படியில் ஆபத்து இருக்கிறதோ, அந்தப் படிக்கு மேலே எச்சரிக்கை வர வேண்டும். இதைச் சட்டமாகவே போட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கேஸ் அடுப்புத் தாளில் "போதிய காற்றோட்டத்தை உறுதிப்படுத்தவும்" என்று எழுதியிருப்பார்கள். இருப்பது ஒரேயொரு ஜன்னல், அதையும் மூடுபனிக்குப் பயந்து அடைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட லயக் காம்பிராவில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில்) உறுதிப்படுத்துவது என்றால் என்ன செய்வது? சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் கூரைக்குப் போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். அதனால் செய்ய வேண்டியதைச் செய்கையாகவே சொல்ல வேண்டும்: கேஸ் மணம் வந்தால் நெருப்புப் பற்ற வைக்காதீர்கள், எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள், சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவை அகலத் திறந்து வையுங்கள், வீட்டில் உள்ளவர்களை வெளியே அனுப்புங்கள். இப்படி எழுதினால் பத்து வயதுப் பிள்ளையும் செய்யும்.

இதைப் பற்றி இறக்குமதிப் பொருள் விற்கும் ஒருவரிடம் பேசியபோது, "தோட்டத்து ஆட்கள் எங்கே அதையெல்லாம் வாசிக்கப் போகிறார்கள்" என்றார். எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை. வாசிக்காதவர்களா அந்தத் தாளைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, பிறப்புச் சான்றிதழ்களோடு சூட்கேஸில் வைத்திருக்கிறார்கள்? கொழும்பில் கடையில் நிற்கிற மகன் தீபாவளிக்கு வரும்போது ஒரு குக்கர் வாங்கி வருகிறான். இரண்டு நாள் இருந்து பாவித்துக் காட்டிவிட்டு பஸ் ஏறிவிடுகிறான். பிறகு அந்தத் தாயும் தாளும் மட்டும்தான். அவர் இந்தப் பத்திரிகையை ராசிபலன் முதல் மரண அறிவித்தல் வரை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர். விளங்கும்படி எழுதாதது எழுதியவரின் குறை. அதைத் தூக்கி வாசிக்கிறவர் தலையில் போடக்கூடாது.

நன்றாக எழுதிய வழிகாட்டல் எப்படி இருக்கும் என்று கேட்டால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூளான ஜீவனி பக்கெட்டைக் காட்டுவேன். வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு ஒரு முழுப் பக்கெட்டை, கொதித்து ஆறிய 1 லீட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். அரைப் பக்கெட், கால் பக்கெட் என்ற குழப்பமே கிடையாது. அதிலும் கவனிக்க ஒன்று உண்டு. நம் வீடுகளில் கிடக்கும் பழைய போத்தல்கள் பல 750 மில்லிலீட்டர்தான் கொள்ளும். அதில் ஒரு பக்கெட்டைக் கரைத்தால் உப்பும் சீனியும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். குழந்தைக்கு அது நல்லதல்ல. அதனால் "1 லீட்டர்" என்று அச்சடிப்பதோடு நிற்காமல், "1 லீட்டர் என்று எழுதியிருக்கும் தண்ணீர்ப் போத்தலால் அளந்து எடுங்கள்" என்று பாத்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தர் தாய்மாருக்குப் போத்தலைக் கையில் பிடித்துக் காட்டித்தான் சொல்லிக் கொடுப்பார்.

என் கடையில் திருத்திக் கொடுக்கும் சாமான்களோடு ஒரு பக்கத் தாள் ஒன்று நானே எழுதிக் கொடுக்கிறேன். எழுதியதும் அதைக் கடைக்கு வரும் யாரிடமாவது சாமானோடு சேர்த்துக் கொடுத்து, "இதைப் பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பேன். உதவிக்குப் போக மாட்டேன். எந்த இடத்தில் கை நிற்கிறது என்று மட்டும் பார்ப்பேன். "சுவிட்சைப் போடுங்கள்" என்ற வரியில் ஒரு பெரியம்மாவின் விரல் சுவருக்கும் குக்கருக்கும் நடுவில் அப்படியே நின்றது. இரண்டிலும் சுவிட்ச் இருக்கிறதே! இப்போது அந்த வரி, "முதலில் சுவரில் உள்ள சுவிட்சைப் போடுங்கள். பிறகு குக்கரில் உள்ள பிடியைக் கீழே அமுக்குங்கள். சிவப்பு விளக்கு எரியும். எரியாவிட்டால் பிளக்கைக் கழற்றித் திரும்பச் செருகிப் பாருங்கள்" என்று இருக்கிறது. செய்தது சரியா என்று கண்ணுக்குத் தெரிகிற அடையாளத்தையும், தவறினால் அடுத்து என்ன என்பதையும் சொன்ன பிறகு, அந்த இடத்தில் யாரும் தடுமாறி நான் பார்க்கவில்லை. ஒரு சின்னக் கடைக்காரனால் முடிகிற இந்தச் சோதனையைப் பெரிய கம்பனிகளால் செய்ய முடியாதா?

இதற்கென்று சர்வதேச நியமமே இருக்கிறது. ஐ.ஈ.சி. என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் 82079 என்ற இலக்கத்தில் 2012இல் முதலில் வந்தது, 2019இல் புதுப்பித்தார்கள். வழிகாட்டல் என்பது பொருளின் ஒரு பகுதி, பாவிக்கப்போகிறவர் யார் என்று அறிந்து எழுத வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1987இல் இலங்கை அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. இருந்தும் மின்சாரமும் நெருப்பும் சம்பந்தப்பட்ட பொருட்கள் தமிழில் ஒரு வரியும் இல்லாத தாளோடு கடைக்கு வருகின்றன. ஹீட்டர், கேஸ் அடுப்பு, பிரஷர் குக்கர் இந்த மூன்றுக்குமாவது, பாவிக்கிறவரிடம் கொடுத்துப் பரீட்சித்துப் பார்த்த தமிழ்த் தாள் இல்லாமல் விற்பனைக்கு விடக்கூடாது என்று நுகர்வோர் விவகார அதிகாரசபை கட்டளையிட வேண்டும்.

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு பொருளுக்கு, வெட்டிச் சுவரில் ஒட்டி வைக்கக்கூடிய அளவில் ஒரு வழிகாட்டித் தாளை வெளியிடுங்கள். வாளி ஹீட்டருக்கு நான் எழுதியதை இத்துடன் இணைத்திருக்கிறேன். வாசகர்கள் அதை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்து, எந்த வரியில் கை நின்றது என்று தங்களுக்கு எழுதினால் திருத்தி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மின்சாதனம் திருத்துபவர்,
ஹட்டன்.