முதுகில் ஒரு மடை

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள நெட்டையா,

"கல்லை எடுக்காமல் எதற்குடா முதுகில் ஓட்டை போட்டார்கள்?" என்று போனில் கேட்டாயே, அன்று பதில் சொல்லத் தெம்பில்லை. இப்போது எழுதுகிறேன்.

இடது கிட்னியிலிருந்து இறங்கும் குழாயில் கல் சிக்கிவிட்டது. வலியைப் பல்லைக் கடித்துச் சமாளித்தேன். சிறுநீர் வழக்கம்போலப் போனதால் அடைப்பு என்று தோன்றவே இல்லை. வலது கிட்னி ரெண்டு ஆள் வேலை பார்த்திருக்கிறது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்த பிறகுதான் ஓடினோம். அடைபட்ட பக்கம் சீழ் கட்டியிருந்தது. அந்த நேரத்தில் கல்லை நோண்டினால் கிருமி ரத்தத்தில் பரவிவிடும் என்றார் டாக்டர். நம்ம ஊர் ஏரியில் மதகு அடைத்துக்கொண்டால் அந்த அடைப்போடா மல்லுக்கட்டுவோம்? கரையை ஒரு பக்கம் வெட்டித் தண்ணீரை விடுவோமே, அதேதான்.

குப்புறப் படுக்கவைத்து, விலாவுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியைக் கிட்னிக்குள் இறக்கி, அதன் வழியாக மெல்லிய கம்பி, கம்பியின் மேல் குழாய். மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. நழுவாமலிருக்க அதன் நுனி உள்ளே பன்றிவால் மாதிரி சுருண்டுகொள்ளுமாம். யாரோ கட்டைவிரலால் அமுக்குவதுபோல இருந்தது, அவ்வளவுதான். குழாயின் மறுமுனையில் மாட்டிய பையில் முதலில் இறங்கியதைப் பார்த்தேன்: அசல் பண்டோங்! தேக்காவில் உனக்கு வாங்கிக் கொடுத்தேனே, ரோஸ் சிரப்பில் பால் கலந்தது, அதே நிறம். மூன்றாம் நாள் தே ஓ, அதான் பால் கலக்காத டீ, அந்த நிறத்துக்கு வந்தது, அப்புறம் தெளிந்தது. காய்ச்சலும் விட்டது.

இந்த வைத்தியத்தைப் பற்றி அமெரிக்காவில் குட்வின் என்ற டாக்டர் 1955-இல் எழுதினாராம், மகன் தேடிச் சொன்னான். நாம் பிறந்த வருஷம்டா.

இப்போது பை தொடையில் கட்டியிருக்கிறது. எப்போதும் கிட்னிக்குக் கீழேயே தொங்க வேண்டும், இல்லாவிட்டால் வடியாது. கைலி கட்டினால் வெளியே தெரியாது. எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்தால்தான் எல்லாரும் பார்ப்பதுபோல ஒரு கூச்சம். இரவில் பெரிய பையை மாட்டிக் கட்டிலோரம் தொங்கவிடுகிறாள் என் வீட்டுக்காரி. ஒருநாள் தூக்கத்தில் புரண்டு குழாய் இழுபட்டு அலறிவிட்டேன். அதிலிருந்து வலப்பக்கம் தலையணை அணை.

கல்லை அடுத்த மாதம் லேசரில் உடைக்கிறார்கள். தைப்பூசத்துக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டுவிடு. பண்டோங் மட்டும் நீ தனியாகப் போய்க் குடித்துக்கொள்.

உன்,
குள்ளன்