நான்கு மாதத்தில் விட்டுப்போகிற பழக்கமா?

ஆசிரியருக்கு,

குற்ற வழக்கில் சிக்கிய பிள்ளைகளை வைத்திருக்கும் சிறார் தடுப்பு இல்லங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதப்பட்டதுதான். ஆனால் ‘நான்கு மாதம் உள்ளே இருந்தால் போதைப் பழக்கம் தானாக விட்டுப்போகும்’ என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறதே, அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. அப்படிப்பட்ட இல்லம் ஒன்றில் பல வருடம் செவிலியராக இருந்தவள் நான்.

உள்ளே சரக்கு கிடைப்பதில்லை, அவ்வளவுதான். ஹெராயின் போன்ற அபின் வகைப் போதைக்குப் பழகிய உடம்பு, சில வாரம் அது இல்லாமல் இருந்தாலே அதைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். பையனுக்கோ பழைய அளவுதான் ஞாபகம். வெளியே போன வாரத்தில் அதே அளவை எடுத்தால் மூச்சே அடங்கிப்போகலாம். கட்டுரையாளர் குணமாகும் காலம் என்று நினைக்கிற அந்த நான்கு மாதமே இப்படி ஆபத்தாகிவிடுகிறது.

உள்ளே வரும் முதல் இரவும் லேசானதில்லை. உடம்புவலி, வயிற்றுப்போக்கு, தூக்கமில்லாமை. காவலர்கள் “நடிக்கிறான் சிஸ்டர்” என்பார்கள். குடிப் பழக்கத்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். ஒரு பையனின் கை நடுங்கியதைப் பயம் என்று நானே நினைத்துவிட்டேன். விடிவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. பிழைத்துக்கொண்டான். சிறார் வந்தவுடன் மருத்துவர் பார்க்க வேண்டும், போதை இறக்கும் சிகிச்சை பயிற்சி பெற்றவர்களிடம் கிடைக்க வேண்டும் என்று ஐ.நா. 1990லேயே விதி எழுதியிருக்கிறது. விதி நல்ல விதிதான். இரவுப் பணிக்கு ஆள்தான் இருக்காது.

அப்புறம், இந்தப் பிள்ளைகளுக்குப் போதை மட்டுமா பிரச்சினை? சிகாகோவின் சிறார் தடுப்பு மையத்தில் 1995 முதல் 1998 வரை சேர்க்கப்பட்ட 1,829 பேரை ஆராய்ந்தார்கள். பையன்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கும், பெண்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்கும் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. சுமார் பாதிப் பேருக்குப் போதைப் பிரச்சினை. அடியும் அவமானமும் பார்த்து வளர்ந்த பிள்ளை தூக்கம் வர ஒரு வழி கண்டுபிடித்திருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு, பதிலுக்கு ஒழுக்கச் சொற்பொழிவு கொடுத்தால் கேட்குமா? முப்பது பேரை ஒரே கூடத்தில் உட்காரவைத்துப் பேசிய நாட்களில், யாரிடம் எது கிடைக்கும் என்கிற தகவல்தான் அங்கே கைமாறியது. தனித்தனியாக உட்கார்ந்து பேசும் கவுன்சலிங்கும், வீட்டுக்கே போய்க் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளும் சிகிச்சையும் பலன் தரும். செலவும் பொறுமையும் தேவைப்படுவதால் அவைதான் முதலில் வெட்டப்படும்.

அமெரிக்காவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மெடிக்கெய்ட் என்கிற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுக்குத் தகுதியுள்ள சிறார் விடுதலையாவதற்கு 30 நாள் முன்பே சிகிச்சை ஏற்பாட்டுக்கான உதவி தொடங்க வேண்டும், வெளியே வந்த பிறகும் குறைந்தது 30 நாள் தொடர வேண்டும். என் அனுபவத்தில் 30 நாள் போதாது. சரி, ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

எங்கள் இல்லத்தில் வெளியே போகிற பையனுக்குத் திருப்பிக் கொடுத்தது அவனுடைய பழைய சட்டையும் செருப்பும்தான். எந்த டாக்டரை எந்தத் தேதியில் பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதித் தர எனக்கு அனுமதி கிடைக்கவே இரண்டு வருடமானது. அடுத்த முறை உங்கள் நிருபர் அப்படியொரு இல்லத்துக்குப் போனால், அந்தச் சீட்டு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்